தற்காப்பு ஏன் மூன்றாம் சுற்றிலேயே இடிந்து விழுகிறது? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

போயா (முழுமதி) விடுமுறை வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் மேசை விரியும். நாலைந்து பேர்தான். விளையாடுவது அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர் என்ற போர்ப் பலகை ஆட்டம். 1977-இல் வந்த ஸ்குவாட் லீடரை விரித்து 1985-இல் வெளியிட்ட ஆட்டம். ஒரு ஹெக்ஸ், அதாவது வரைபடத்தின் அறுகோணக் கட்டம், 40 மீற்றர்; ஒரு சுற்று 2 நிமிடம்; ஒரு கவுண்டர், அதாவது அட்டைத் துண்டு, ஒரு ஸ்குவாட் என்ற சிறு படைக்குழு. புதிதாக வருகிறவர்கள் தாக்குகிற பக்கத்தை ஓரளவு நன்றாகவே விளையாடுவார்கள். தற்காப்பைக் கொடுத்தால் மூன்றாம் சுற்றில் முகம் வாடிவிடும். பிறகு அதே கேள்வி: "அண்ணா, டைஸ் சரியில்லையா?"

டைஸ் பெரும்பாலும் சரிதான். பல வருடமாக ஒரே ஐந்தாறு பிழைகளைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் வருகிறதோ நேரே அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். படையை முழுதாக அடுக்கி மாற்ற வேண்டிய காரணம் கடைசியில்.

எங்கள் மேசையில் இரண்டாம் உலகப் போர் மட்டுந்தான். இந்த நாட்டுச் சண்டையை யாரும் கொண்டுவரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மா பக்கத்து அறையில் இருப்பார்.

அறிகுறி 1: எதிரி திறந்த வெளியைக் கடந்து பக்கத்தில் வந்துவிட்டான், என் ஆட்கள் ஏற்கெனவே சுட்டு முடித்துவிட்டார்கள்

பத்தில் ஆறு ஆட்டம் இங்கேதான் போகிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

*முதலில் பாருங்கள்: ஓடி வந்த முதல் ஆளையே சுட்டீர்களா?*

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கற்கட்டடத்துக்குள் ஒரு ஜெர்மன் 4-6-7 ஸ்குவாட். கவுண்டரில் அச்சடித்திருக்கும் அந்த மூன்று எண்களும் சுடுவலு 4, தூரம் 6, மொரால் (மனவுறுதி) 7 என்று பொருள்படும். எதிரி ஓர் அரை ஸ்குவாட்டை ஏழு ஹெக்ஸ் தள்ளி வெளியில் ஓடவிட்டான். எங்கள் தம்பி உடனே டைஸை எடுத்துவிட்டார். எதிரே வெறும் வெளி, ஓடுகிறவனுக்கு மறைப்பே இல்லை, கை நிற்குமா? இரண்டு டைஸிலும் மூன்று விழுந்தது. ஸ்குவாட்டோடு லீடர் யாரும் இல்லை. லீடர் இல்லாமல் சுட்டு இரண்டு டைஸும் ஒரே எண்ணாக விழுந்தால் ஆட்கள் பதுங்கிவிடுவார்கள்: சூடு ஒரு படி குறையும், சுட்டு முடித்துவிட்டார்கள் என்று காட்டும் ஃபைனல் ஃபயர் கவுண்டர் தலையில் ஏறும். பின்னால் காத்திருந்த மூன்று முழு ஸ்குவாட்டும் அதன் பிறகு சாவகாசமாக நடந்து வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டன.

அந்த அரை ஸ்குவாட்டை அனுப்பியதே அதற்குத்தான். உங்கள் சூட்டை மலிவாக வாங்கிக்கொள்ள வந்த ஆள் அவன்.

அதே ஸ்குவாட்டின் கணக்கைப் பாருங்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு ஹெக்ஸ் வரை சுட்டால் சுடுவலு பாதி, அதாவது 2. ஆறு ஹெக்ஸுக்குள் 4. பக்கத்து ஹெக்ஸ் என்றால் இரட்டிப்பு, 8. ஒரே ஆட்கள், ஒரே துப்பாக்கி. ஐந்தாறு ஹெக்ஸ் பொறுத்தால் நாலு மடங்கு.

செய்து பார்க்க வேண்டியது: எதிரி நகரத் தொடங்குமுன் உங்கள் ஒவ்வொரு கவுண்டரையும் விரலால் தொட்டு, "நீ சுடப்போவது இந்த ஹெக்ஸில்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிரிக்குக் கேட்கக் கூடாதென்றால் மனதுக்குள் சொல்லுங்கள். அந்த ஹெக்ஸுக்கு வராதவனைச் சுடாதீர்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் கை நடுங்கும், பிறகு பழகிவிடும்.

*அடுத்தது: மிச்சச் சூட்டை வைத்தீர்களா?*

ஓடுகிறவனை ஒரு ஹெக்ஸில் சுட்டால் அந்தச் சூட்டின் பாதி அங்கேயே தங்கும். அந்த நகர்வுக் கட்டம் முடியும்வரை பின்னால் வருகிற ஒவ்வொருவனும் அதில் மிதித்தே ஆக வேண்டும். புதியவர்கள் பாதிப் பேர் அந்தக் கவுண்டரை வைக்கவே மறந்துவிடுகிறார்கள். வைக்கிறவர்களும் கண்ட இடத்தில் வைக்கிறார்கள். எல்லாரும் கடந்தாக வேண்டிய ஒரே ஒரு ஹெக்ஸ் இருக்கும்: ஒழுங்கையின் வாய், மதிலின் இடைவெளி, தெருவின் நடு. முதல் ஆளை அந்த ஹெக்ஸில் வைத்தே சுடுங்கள். ஆள் தப்பினாலும் வாசல் அடைபடும்.

*அடுத்தது: மெஷின் கன் தெருவுக்குக் குறுக்கே நிற்கிறதா, தெருவோடு நிற்கிறதா?*

குறுக்கே பார்த்தால் எதிரியை ஒரே ஒரு ஹெக்ஸில்தான் காண்பீர்கள். தெருவின் முனையில் நெடுக்காக வைத்தால் எட்டுப் பத்து ஹெக்ஸ் உங்கள் கையில். ஃபயர் லேன் போடுவதென்றால் அந்தக் கோடு முழுவதும் மிச்சச் சூடு நிற்கும். பதிலுக்கு அந்த மெஷின் கன் தொடர்ந்து சுடும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கும். ஜெர்மன் கனரக மெஷின் கன்னுக்கு அந்த வாய்ப்பு ஒவ்வொரு சூட்டுக்கும் சரி பாதி, ஆகவே யோசித்துத்தான் விட வேண்டும். நகரத்துச் சினாரியோவில் (ஆட்டத்துக்கான களநிலைமையில்) நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். வயல்வெளியில் விடமாட்டேன்.

இன்னொன்று. சுட்டு முடித்த மெஷின் கன்னை அதே நகர்வில் வற்புறுத்தி மறுபடி சுடவைத்தால், சாதாரணமாக 12 விழுந்தால் பழுதாவது 10 விழுந்தாலே பழுதாகும். முப்பத்தாறில் ஒன்றாக இருந்த ஆபத்து ஆறில் ஒன்றாகிவிடும். எதிரி வாசலில் நிற்கும்போது செய்யுங்கள், ஆறு ஹெக்ஸ் தள்ளி நிற்கும்போது வேண்டாம்.

*இவை எல்லாம் சரியாக இருந்தும் நடக்கிறதென்றால்* உங்கள் ஆட்களுக்குத் தேவைக்கு அதிகமாகத் தூரம் தெரிகிறது. படையை அடுக்கிய இடமே பிழை. அறிகுறி 2-க்குப் போங்கள்.

அறிகுறி 2: எதிரி நகரவே இல்லை. தூரத்திலிருந்தே என் முன்வரிசையை உடைத்துவிட்டான்

*கவுண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்களா?* ஒரு ஹெக்ஸில் மூன்று ஸ்குவாட் வரை வைக்கலாம் என்று விதி சொல்கிறது. வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு சூடு விழுந்தால் அந்த ஹெக்ஸில் உள்ள எல்லாருக்கும் மொரால் சோதனை; அதில் தோற்றவர்கள் உடைந்து, சுட முடியாமல் பின்னால் ஓடுவார்கள். பிரித்து வையுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

*உங்கள் சொந்த நகர்வில் சும்மா நிற்கிறீர்களா?* தற்காக்கிற பக்கத்துக்கு ஒரு சுற்றில் இரண்டு தடவை அடி விழுகிறது: எதிரியின் நகர்வுக்கு முன்னால் ஒன்று, உங்கள் நகர்வின்போது இன்னொன்று. இரண்டாவதை வாங்கவே தேவையில்லை. உங்கள் நகர்வுக் கட்டத்தில் ஜன்னலை விட்டு ஒரு ஹெக்ஸ் பின்னால் போங்கள், பார்வைக் கோடு அறுந்துவிடும். அவன் சுட ஆளில்லை. சுடுவது முடிந்த பின் வரும் உங்கள் முன்னேறும் கட்டத்தில் அதே ஜன்னலுக்குத் திரும்பி வாருங்கள். கோழைத்தனம் மாதிரித் தெரிகிறது என்று ஒரு பொடியன் என்னிடம் கோபப்பட்டான். ஜன்னலில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதால் யாருக்கும் புள்ளி கிடைப்பதில்லை, சுவருக்குப் பின்னால் போவதுதான் வேலை தெரிந்தவன் செய்வது.

செய்து பார்க்க வேண்டியது: உங்கள் நகர்வு முடிந்ததும் மேசையைச் சுற்றி எதிரியின் கதிரைக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அங்கிருந்து உங்கள் கவுண்டர் எத்தனை தெரிகிறது என்று எண்ணுங்கள். நான்குக்கு மேல் என்றால் பின்னால் எடுக்க இன்னும் ஆள் இருக்கிறது.

*மறைப்பு போதுமா?* காடு 1, மரக்கட்டடம் 2, கற்கட்டடம் 3. ஒவ்வொரு எண்ணும் எதிரியின் டைஸில் கூடுகிறது, கூடக் கூட அவன் சூடு பலவீனமாகும். கற்கட்டடம் பக்கத்தில் இருக்க அழகான காட்சி தெரிகிறதென்று மரக்கட்டடத்தில் ஏறி நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

*மறைவுக் கவுண்டர்களை வீணாக்குகிறீர்களா?* கேள்விக்குறி அச்சடித்த அந்தக் கவுண்டரின் கீழ் இருக்கும் ஸ்குவாட்டைச் சுட்டால் எதிரியின் சுடுவலு பாதியாகும். நீங்களே தேவையில்லாமல் சுட்டுக் காட்டிக்கொடுத்தால் அது போய்விடும். கீழே ஆளில்லாத போலிக் கவுண்டர்களைத் தனித்தனியாக மூலையில் போடாதீர்கள். மூன்று போலியை ஒன்றாக அடுக்கி, லீடரும் மெஷின் கன்னும் இருக்கக்கூடிய ஒரு நல்ல கட்டடத்தில் வையுங்கள். எதிரி இரண்டு சுற்றை அதன்மேல் செலவழிப்பான்.

*செலவு கூடியது: முன்வரிசையில் நிற்பதே பிழை.* முதல் வரிசைக் கட்டடங்களில் நின்றால் எதிரியின் மொத்தப் படையும் உங்களைப் பார்க்கும். இரண்டாவது வரிசையில் நின்றால், முதல் வரிசைக்குள் நுழைந்தவன் மட்டும்தான் பார்ப்பான். மேடு இருந்தால் உச்சியில் நிற்காமல் பின்சரிவில் நில்லுங்கள். 1815-இல் வாட்டர்லூவில் வெலிங்டன் தன் ஆட்களில் பெரும் பகுதியை மேட்டுக்குப் பின்னால் வைத்தது இதற்காகத்தான், பிரெஞ்சு பீரங்கிகளுக்கு இலக்குத் தெரியக் கூடாது. நம் ஆட்டத்தில் அதன் பலன் இன்னும் கூர்மையானது: எதிரி உங்களைக் காணும்போது ஏற்கெனவே ஒன்றிரண்டு ஹெக்ஸ் பக்கத்தில், இரட்டிப்புச் சூட்டுக்குள் நிற்பான். முன்வரிசைக்கு ஓர் அரை ஸ்குவாட்டும் போலிகளும் போதும்.

அறிகுறி 3: உடைந்தவர்கள் ஓடுகிறார்கள், திரும்பி வருவதே இல்லை

முதலில் கணக்கு. மொரால் 7 உள்ள ஸ்குவாட் உடைந்து, நம்பிக்கை இழந்த நிலையில், மறைப்பில்லாத இடத்தில், சாதகம் ஒன்றும் தராத லீடரோடு இருந்தால், அது ரலி ஆக, அதாவது தேறிச் சண்டைக்குத் திரும்ப, டைஸில் 3 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். நூற்றுக்கு 8. அதே ஸ்குவாட் ஒரு கட்டடத்துக்குள், நம்பிக்கை இழந்த நிலை நீங்கி, 9-1 லீடர் (மொரால் 9, டைஸில் 1 சாதகம் தருபவர்) பக்கத்தில் இருந்தால் 9 வரை போதும். நூற்றுக்கு 83. ஆட்கள் அவர்களேதான், போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

*லீடர் எங்கே?* முன்னால் சுட்டுக்கொண்டிருக்கிறாரா? நல்ல லீடரை மெஷின் கன்னோடு வைக்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள், தாக்குகிற பக்கத்துக்கு அது சரி. தற்காப்பில் ஒருவராவது பின்னால், ஓடி வருகிறவர்கள் வந்து விழும் கட்டடத்தில் காத்திருக்க வேண்டும்.

*அந்தக் கட்டடத்தை எதிரி பார்க்கிறானா?* உடைந்த ஸ்குவாட்டின் மேல் மறுபடி ஒரு கனமான சூடு விழுந்தாலோ, எதிரி பக்கத்து ஹெக்ஸுக்கு வந்தாலோ, நம்பிக்கை இழந்த நிலை திரும்ப ஒட்டிக்கொள்ளும். பின்னால் இன்னொரு தெரு தாண்டி இருக்க வேண்டும்.

*போவதற்கு வழி இருக்கிறதா?* இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உடைந்தவன் பக்கத்தில் எதிரி நிற்க, ஓட வழியில்லை என்றால் அந்த ஸ்குவாட் மேசையை விட்டே போய்விடும். கவுண்டர்களை அடுக்கி முடிந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் பின்னால் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். ஓடுகிறவனுக்கு 6 நகர்வுப் புள்ளி. அதற்குள் கட்டடமோ காடோ வர வேண்டும், வழியில் திறந்த தெரு வரக் கூடாது. வழி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கற்கட்டடம் இருந்தாலும் கடைசிச் சுற்றுக்கு முன் ஆள் வைக்காதீர்கள்.

அறிகுறி 4: ஒரு மூலை சரிந்ததும் எல்லாம் சரிகிறது

பெரும்பாலும் ஒரே காரணம். விட வேண்டிய நேரத்தில் இடத்தை விடவில்லை.

தற்காக்கிறவர் கையில் உள்ள காசு நிலம். அதை விற்றுச் சுற்றுகளை வாங்குகிறீர்கள். எட்டுச் சுற்றுச் சினாரியோவில் முன்னால் உள்ள பழத்தோட்டம் இரண்டு சுற்று வாங்கித் தந்தால் அதன் விலை வந்துவிட்டது. மூன்றாவது சுற்றும் அங்கேயே நிற்க ஆசைப்பட்டால் தோட்டமும் போகும், அதிலிருந்த ஆட்களும் போவார்கள், அடுத்த வரிசையில் நிற்க யாரும் இருக்கமாட்டார்கள். இதை என் மேசையில் எத்தனை தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒரு தடவை சுட்டுவிட்டுப் போகிறேன்" என்றுதான் தொடங்கும். அந்தக் குரல் கேட்டதுமே மேசையில் உள்ள மற்றவர்களுக்கு விளங்கிவிடும்.

செய்து பார்க்க வேண்டியது: ஆட்டம் தொடங்குமுன் ஒரு துண்டுத் தாளில் ஒவ்வொரு குழுவும் எந்தச் சுற்றில் இடத்தை விடும் என்று எழுதுங்கள். எதிரி பக்கத்து ஹெக்ஸுக்கு வருவதற்கு ஒரு சுற்று முந்தி என்று கணக்கு வையுங்கள். வந்த பிறகு விலகினால் முதுகில் இரட்டிப்புச் சூடு வாங்கித்தான் விலக வேண்டும்.

அதற்கும் சரிவராவிட்டால் கையிருப்பில் ஆள் இல்லை. பத்து ஸ்குவாட்டில் இரண்டை நடுவில், எந்தப் பக்கமும் போகக்கூடிய இடத்தில் சும்மா வைத்திருக்க மனம் வராது. ஐந்தாம் சுற்றில் அந்த இரண்டும் இல்லாமல் வென்ற ஆட்டம் என் நினைவில் மிகக் குறைவு.

அறிகுறி 5: புகை போட்டு வந்துவிட்டான்

ஸ்குவாட்டுகள் கையால் எறியும் புகை நகர்வுக் கட்டம் முடியுமட்டும்தான் நிற்கும், உங்கள் டைஸில் 2 கூட்டும். அதற்குள்ளால் அவசரப்பட்டுச் சுடுவதுதான் பிழை. கட்டம் முடிந்ததும் புகை எடுக்கப்படும், அவன் வெறுமையாக உங்கள் முன்னால் நிற்பான். அப்போது சுட இரண்டு ஸ்குவாட்டை மிச்சம் வையுங்கள். ஓடுகிறவனைச் சுடும்போது டைஸில் கிடைக்கும் சலுகை அப்போது இருக்காது, ஆனாலும் பக்கத்தில் வந்துவிட்டவன்மேல் இரட்டிப்பு இருக்கிறது.

மோட்டார் பீரங்கி போடும் புகை வேறு. அது சட்டென்று போகாது. அது உங்கள் முக்கியமான மெஷின் கன்னின் முன்னால் விழுந்தால் அதை அங்கிருந்து எடுத்துப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள், காத்திருக்காதீர்கள்.

அறிகுறி 6: எல்லாம் சரியாகப் போய்க் கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டேன்

வெற்றி நிபந்தனையைத் திரும்ப வாசியுங்கள். கட்டடத்தைப் பிடிப்பதா, அதில் உடையாத எதிரி இல்லாமல் செய்வதா, மேசையின் மறுபக்கத்தால் ஆட்களை வெளியேற்றுவதா? கடைசி நகர்வு யாருடையது?

பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு ஸ்குவாட்டுக்கு 4 நகர்வுப் புள்ளி. லீடரோடு போனால் 6, மூச்சு வாங்க ஓடினால் 8, முழுக்க வீதியால் போனால் 9. வெற்றிக் கட்டடத்திலிருந்து வீதி வழியாக ஒன்பது ஹெக்ஸ் எண்ணுங்கள். கடைசிச் சுற்றில் அந்த வட்டத்துக்குள் எதிரியின் நல்ல ஸ்குவாட் ஒன்று நின்றால் வீதியில் யாராவது நிற்க வேண்டும். ஓர் அரை ஸ்குவாட் போதும்.

அறிகுறி 7: டைஸ்தான் பிரச்சினை

7 அல்லது அதற்குக் கீழே விழுவது நூற்றுக்கு 58. இரண்டும் ஒரே எண்ணாக விழுவது ஆறில் ஒன்று. ஒரு முழு ஆட்டத்தில் உங்கள் எறிகளைக் குறித்து வைத்துப் பாருங்கள். குறித்தவர்கள் யாரும் அடுத்த தடவை இந்த முறைப்பாட்டோடு வரவில்லை.

மேசைச் சிக்கல்கள் வேறு. மெரின் டிரைவ் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் பின்னேரக் கடற்காற்றில் கவுண்டர் நகரும். வரைபடத்தின் மேல் ஒரு பெர்ஸ்பெக்ஸ் தகடு போடுங்கள், ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். பார்வைக் கோட்டில் தகராறு வந்தால் கறுப்புத் தையல் நூலை இரண்டு ஹெக்ஸின் நடுப்புள்ளிகளுக்கும் இடையில் இழுத்துப் பிடியுங்கள். நூல் கட்டடத்தின் படத்தைத் தொட்டால் கோடு இல்லை. சுடுவதாக அறிவிக்குமுன் நூல் போட்டுப் பார்ப்பது எங்கள் மேசையில் ஆகாது.

எப்போது மூத்த ஆட்டக்காரரைக் கூப்பிட வேண்டும்

ஒரே அறிகுறி மூன்று ஆட்டத்தில் வந்து, மேலே சொன்ன சோதனைகளையும் செய்து பார்த்து, நாலாவதிலும் வந்தால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் அதே சினாரியோவில் பக்கம் மாறி விளையாடுங்கள். உங்கள் தற்காப்பை நீங்களே தாக்கிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று பாதி தெரிந்துவிடும். எதிராளி உங்களைப்போல் புதியவர் என்றால் இது உதவாது.

அடுத்தது வாசல். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. ஆங்கிலத்தில் எழுதும்போது வி-யில் தொடங்கும், வாசல் கதவோடு சம்பந்தமில்லை. அதில் ஆடிய ஆட்டத்தின் பதிவுக் கோப்பைச் சேமித்து, நன்றாக விளையாடத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். முழு ஆட்டத்தையும் விளக்கி எழுதாதீர்கள். கோப்பை அனுப்பி, எந்தச் சுற்றில் கை விட்டுப்போனது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் முதல் தடவை அப்படி அனுப்பியது கனடாவில் இருக்கும் ஒரு அண்ணாவுக்கு. ஐந்தாம் சுற்றில் வலது பக்கம் சரிந்தது, ஏன் என்று விளங்கவில்லை என்று எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. "தம்பி, இரண்டாம் சுற்றில் உன் 9-1 எங்கே நின்றவர்?"

கோப்பைத் திறந்து பார்த்தேன். முன்வரிசையில், பழத்தோட்டத்து ஓரத்தில், மெஷின் கன்னுக்குப் பக்கத்தில் நின்றார்.